கும்பல் – 1

முதல் பாகத்தில் நான் இரண்டு முறை செத்தேன்.
எண்ணூரில் சாம்பல் தின்று வளர்ந்த நண்டு
சுங்கச்சாவடியைக் கொடுக்கால் கிள்ளியபோது ஒருமுறை.
பறக்கும் ரயிலென்று நினைத்து
ஜனங்கள் பூரானுக்குள் ஏறியபோது ஒருமுறை.

திரையில் என் முகம் கிடையாது.
சாலிகிராமத்தில், மாவு மில்லுக்கு மேலே,
முட்டை அட்டை ஒட்டிய அறையில்
மைக்கைச் சுற்றி ஆறு பேர் நிற்போம்.
அய்யோக்களைப் பிரித்துக்கொள்வோம்.
இம்மானுவேலுக்கு ‘ஓடுங்க’.
தில்ஷாத்துக்கு ‘என் புள்ள, என் புள்ள’.
எனக்கு எப்போதும் சொல் இல்லாத ஒன்று,
உச்சியில் தொடங்கிப் பாதியில் அறுபடுவது.
அறுபடும் இடத்தில்
படத்தில் ஒரு பாதம் இறங்கும்.

பேருரு, பாகம் இரண்டு.
மூன்று கதைகள், மூன்று இயக்குநர்கள்,
அதே ஆறு தொண்டைகள்.
பெருங்குடிக் குப்பைமேடு எழுந்து நின்று
ஐ.டி. கம்பெனிகளை ஒவ்வொன்றாய் முகர்ந்து பார்த்தது.
பாகம் மூன்றில் மெட்ரோ சுரங்கத்துக்குள்
ஏதோ முட்டையிட்டிருந்தது.
ஒரு கோடிப் பேர் வாழும் ஊரை
அதிமதுரம் மென்றபடி
நாங்கள் ஆறு பேர் காலி செய்தோம்.

ரெக்கார்டிங் முடிந்த நாட்களில் பேச்சு வராது.
பஸ்ஸில் கண்டக்டருக்கு விரலைக் காட்டி
டிக்கெட் வாங்குவேன்.
மேல்வீட்டுப் பிரணீத் தன் பிறந்தநாளில்
கேக் வெட்டிய கையோடு கேட்டான்:
‘ஆன்ட்டி, ஒரே ஒரு தடவை சாவுங்க.’
செத்தேன். கைதட்டினார்கள்.

நான்காம் பாகம்.
செம்பரம்பாக்கத்தில் இறங்கிய ஒன்று
அடையாற்றில் இடுப்பளவு நடந்து வருகிறது.
நடக்க நடக்கத் தண்ணீர் கரையேறுகிறது.
மொட்டைமாடிகளில் மனிதர்கள்.
புது இயக்குநர், ஹர்ஷவர்தன், சின்னப் பையன்,
கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னான்:
‘நிஜமா பயந்த மாதிரி வேணும் மேடம்.’

நான் ஜாபர்கான்பேட்டைக்காரி.
அந்த டிசம்பர் இரவில்
எங்கள் மாடிப்படிகளை எண்ணிக்கொண்டிருந்தோம்.
நான்கு மூழ்கியது. ஐந்து.
எதிர்வீட்டு ஸ்கூட்டர் மிதந்து வந்து
விருந்தாளி மாதிரி எங்கள் கேட்டைத் தட்டியது.
யாரும் அலறவில்லை.
யாரோ சிலிண்டரைக் கயிற்றில் கட்டினார்கள்.
யாரோ கொடியில் கிடந்த துணிகளை
மடித்து வைத்தார்கள், ஈரத்தோடு.
ஏழாவது படி போனபோது
இருட்டிலிருந்து ஒரு குரல்,
கடைத்தெருவில் கேட்பதுபோல் கேட்டது:
‘மணி என்ன ஆச்சு?’

சிவப்பு விளக்கு எரிந்தது.
ஐந்து பேரும் அலறினார்கள்.
நான் மணி கேட்டேன்.

‘மேடம், உங்களுக்கு டயலாக் இல்லையே’ என்றார் என்ஜினியர்.
பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு,
‘நல்லாத்தான் இருக்கு. ட்ரெய்லருக்கு ஆகாது.
சேஃப்டிக்கு வழக்கமானதும் ஒண்ணு கொடுத்துடுங்க.’
கொடுத்தேன்.

டீ வந்தது. மற்றவர்கள் கீழே போனார்கள்.
என்ஜினியர் அந்தக் காட்சியை ஓட்டினார், முழு ஒலியோடு.
ஆற்றுக்குள்ளிருந்து அது வாய் திறந்தபோது
நாற்காலியின் கைப்பிடி அதிர்ந்தது.
எங்கேயோ கேட்ட குரல்.
‘யானையா?’ என்றேன்.
‘நீங்கதான்’ என்றார்.
‘முதல் பாகத்துல, நண்டு சீன்ல செத்தீங்களே,
அதை முப்பது மடங்கு இழுத்து அடியில இறக்கினேன்.
நாலு பாகத்துக்கும் அதுதான்.’

இன்னொரு தடவை ஓட்டச் சொன்னேன்.
பாதியில் அறுபட வேண்டிய இடம் வந்தது.
அறுபடவில்லை.
போய்க்கொண்டே இருந்தது,
கீழே மாவு மில் நின்ற பிறகும்.

வவுச்சரில் ‘கும்பல் – 1’ என்று எழுதியிருந்தார் மேனேஜர்.
‘மிருகம் – 1, அதையும் சேருங்க’ என்றேன்.
சிரித்தார்.
நான் சிரிக்காததைப் பார்த்துப் பேனாவைத் திறந்தார்,
யோசித்தார், மூடினார்.
‘அஞ்சாம் பாகத்துல பார்த்துக்கலாம்மா.’